வண்டு எடுத்த படம்

எங்கள் வீட்டுக் குளியலறையில் சோப்பின் வாசம் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. அங்கே எப்போதும் இருந்தது படம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாடைதான். புளித்த காடியும் அணைத்த தீக்குச்சியும் கலந்தாற்போல மூக்குக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு சோற்றில்கூட விடாமல் கூடவே வரும் வாடை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், தண்டவாளத்தை ஒட்டிய வரிசையில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் அப்பா குளியலறைச் சன்னலைக் கம்பளியால் மூடி, விளக்குக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, அம்மாவின் பீங்கான் தட்டுகளில் மருந்துத் தண்ணீரை ஊற்றிப் படம் கழுவ உட்கார்ந்துவிட்டால், வீட்டில் யாருக்கு எவ்வளவு அவசரமானாலும் பக்கத்து வீட்டுக்குத்தான் ஓடவேண்டும். "உங்கப்பாவுக்குப் பொண்டாட்டி பிள்ளை எல்லாம் செவப்பு வெளிச்சத்துலதான் கண்ணுக்குத் தெரியும்" என்று அம்மா சொல்வாள். அதைக் கேட்டு அப்பா உள்ளேயிருந்து சிரிப்பார். எனக்கும் அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்பா ரயில்வே அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. அலுவலகத்தில் அவர் என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது, அவருக்கும் அதில் பெரிய அக்கறை இருந்ததாகத் தோன்றவில்லை. அவருடைய உயிரெல்லாம் வீட்டில் பூட்டிவைத்த மர அலமாரிக்குள் இருந்தது. சாவி கொடுத்துப் பாடவிடும் கிராமபோன், கம்பி சுற்றி அவரே செய்த ரேடியோ, வெளிச்சத்தை அளக்கும் கருவி, வானத்து மேகத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காகக் காமராவின் கண்ணில் மாட்டும் மஞ்சள் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் ராஜாவாக நடுத்தட்டில் வெல்வெட்டுத் துணியில் சுற்றிய மடக்குக் காமரா. இவற்றைத் தொட்டதற்காக நான் வாங்கிய அடிகளை வேறு எதற்காகவும் வாங்கியதில்லை.

எனக்கு அந்த அலமாரியில் பிடித்தது ஒன்றே ஒன்று. தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன எந்திரம். அதற்குச் சாவி கொடுத்துக் காமராவின் பித்தானோடு மாட்டிவிட்டால் "ர்ர்ர்" என்று கத்திக்கொண்டே இருந்து, கத்தி முடிந்ததும் தானே பித்தானை அமுக்கிவிடும். அதற்குள் அப்பா ஓடிவந்து எங்களோடு நின்றுகொள்ளலாம். நாங்கள் அதற்கு வைத்த பெயர் "வண்டு".

ரயில்வேக்காரர் குடும்பம் என்பதால் எங்களுக்குப் பாஸ் உண்டு. ரவாங், காஜாங், பத்துமலை, கிள்ளான் என்று ஞாயிறு தவறாமல் எங்காவது கிளம்புவோம். அம்மாவின் தம்பி வேலு மாமாவும் வருவார். மாமா ரயில்வே சாமான் கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார், இன்னும் மீசை சரியாக முளைக்காத வயசு. ஊர் சுற்றப் போகிறோம் என்றுதான் பேர், ஆனால் நாங்கள் பார்த்ததைவிட நின்றதுதான் அதிகம். மரத்தடியில் நில், பாலத்தில் நில், வெயிலைப் பார்த்து நில், கண்ணைச் சிமிட்டாதே. காஜாங்கில், குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சி ஆறிப் போகும்வரை அதைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறேன். "படம் புடிக்கிறப்போ மட்டும் உங்களுக்கு நாங்க பொம்மை" என்று அம்மா முணுமுணுப்பாள், ஆனாலும் நிற்பாள். எந்தப் படத்திலும் அவள் பல் தெரியச் சிரித்ததில்லை, மோரிப் படம் ஒன்றைத் தவிர.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய வருஷம் அது. கிள்ளான்வரை ரயில், அங்கிருந்து பஸ் ஏறி மோரிப் கடற்கரை. சவுக்கு மரங்களுக்கு முன்னால் எங்களை நிறுத்திவிட்டு, ஸ்டாண்டில் காமராவை ஏற்றி, வண்டுக்குச் சாவி கொடுத்துவிட்டு அப்பா ஓடிவந்தார். ஈர மணலில் கால் வழுக்கி, கோட்டும் கண்ணாடியுமாக எங்கள் காலடியில் குப்புற விழுந்தார். மாமா எறும்புக்குப் பயந்து டிபன் கேரியரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். நான் அவர் கையில் தொங்கிக்கொண்டிருந்தேன். அம்மா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்த நொடியில் வண்டு கத்தி முடித்தது. அன்று மாலை சிவப்பு வெளிச்சத்தில் அந்தப் படம் தட்டுக்குள் மெல்ல மெல்லத் தெரிந்தபோது அப்பாவே அசந்துபோனார். பின்னால் கடல், மேலே மஞ்சள் கண்ணாடி போட்டுப் பிடித்த வெள்ளை மேகம், நடுவே நாங்கள் மூன்று பேர், ஓரத்தில் கையூன்றிக் கிடக்கும் அவர். அவர் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள், வெயில் தணியும் முன்பே கடிகாரத்தில் சாயங்காலம் ஆகிவிடும். அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. சடக்கில், அதாவது ரோட்டில், நின்ற சிப்பாயை அப்பா சரியாகக் குனிந்து கும்பிடவில்லை என்று என் கண் முன்னாலேயே அறைந்தான். விழுந்த கண்ணாடியை அப்பா பொறுக்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார். ரேடியோவை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு, காமரா வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது. குவார்ட்டர்ஸில் இன்னொருவரிடமும் காமரா இருந்தது. அவர் அதைச் சாக்கில் கட்டிக் கிணற்றில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அம்மாவும் அதைத்தான் சொன்னாள்: கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், அதோடு போகட்டும்.

அப்பா கொடுக்கவும் இல்லை, கிணற்றில் போடவும் இல்லை. தான் வெறும் பொழுதுபோக்குக்காரன், வேவு பார்ப்பவன் இல்லை என்று நிரூபிக்கப் போவதாகச் சொல்லி, கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, காமராவோடு, படங்களை நெகட்டிவோடு சேர்த்து வைத்திருந்த ஆல்பத்தையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அவர் போன காரணம் அதுவல்ல என்று நான் இன்றும் நம்புகிறேன். யாராவது ஒரு பெரிய மனிதர் தன் படங்களைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊரில் தலைகளை வெட்டிக் கம்பத்தில் வைத்திருந்த நாளில் மனிதருக்கு அந்த ஆசை.

திரும்பி வரும்போது அவர் முகம் பூரித்திருந்தது. அங்கிருந்த அதிகாரியும் காமராப் பித்து உள்ளவராம், இங்கிலீஷ் பேசுவாராம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, மேகத்துக்கு என்ன கண்ணாடி போட்டாய் என்று கேட்டாராம். காமராவை வைத்துக்கொள்ள அனுமதியும் ஒரு சுருள் பிலிமும் கொடுத்து, ஒரு படத்தின் நெகட்டிவை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டாராம். "இந்த ஊர்ல ஒரு வெள்ளைக்காரன்கூட என் படத்த இப்படி நின்னு பார்த்ததில்ல" என்று அப்பா சட்டையைக் கழற்றாமல் கூடத்தில் உலாத்தினார். எந்தப் படம் என்று அம்மா கேட்டாள். மோரிப் படம் என்றார். அதில் நாங்கள் இருக்கிறோமே என்றாள் அம்மா. இருந்தால் என்ன, அழகாக இருக்கிறது என்றுதானே வாங்கினார் என்று அப்பா சொன்னார்.

அடுத்த வருஷம், வடக்கே எல்லைக்கு அப்பால் இருந்த சயாமைப் பற்றிப் பேச்சு அடிபடத் தொடங்கியது. அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், தோட்டத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், நல்ல சோறு என்று சிலர் சொன்னார்கள். போனவர்கள் கடிதம் போடவில்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு, சேமித்து வைத்திருந்த பிலிமை எடுத்துக்கொண்டு மறுபடியும் மோரிப் போகலாம் என்று தோன்றியது. அம்மா வேண்டாம் என்றாள், கேட்கவில்லை. டிபன் கேரியரில் அவித்த மரவள்ளிக் கிழங்கை வைத்துக்கொண்டு நான்கு பேரும் கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கினோம்.

ஸ்டேஷன் சுவரில் நாங்கள் இருந்தோம்.

ஆளுயரக் காகிதத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். மாமா கேரியரைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் அவர் கையில் தொங்கினேன். ஓரத்தில் விழுந்து கிடந்த அப்பாவை வெட்டி எடுத்திருந்தார்கள். கடல் இருந்த இடத்தில் சாயம் பூசி வயல்வெளி ஆக்கியிருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், தமிழில், சயாமில் வேலை, சோறு, துணி, வீடு, குடும்பத்தோடு வரலாம், இவர்கள் போய்ச் சேர்ந்து சுகமாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தது. தோட்டத்து ஆட்கள் சிலர் மூட்டை முடிச்சோடு அதன் முன்னால் நின்று, படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் அம்மாவின் படத்தைச் சுட்டிக்காட்டி, வயிறு நிறைந்தால்தான் இப்படிச் சிரிப்பு வரும் என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். அவர் முதலில் சொன்ன வார்த்தையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "மேகத்தக் கெடுத்துட்டானுங்க. அச்சடிக்கத் தெரியல."

மாமா அந்த ஆட்களைப் பார்த்துத் திரும்பி, "அண்ணே, இது சயாம் இல்ல" என்று ஆரம்பித்தார். வாசலில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றிருந்தான். அப்பா பாய்ந்து மாமாவின் வாயைப் பொத்தி, பிளாட்பாரத்தின் கோடிவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த ரயிலிலேயே திரும்பினோம், கிழங்கை யாரும் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும், போய் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று அம்மா கேட்டாள். கேட்டால் தலை போய்விடும் என்றார் அப்பா. "கொடுக்கறப்போ இது தெரியலையா?" என்று அம்மா ஒரே ஒரு முறைதான் கேட்டாள். எங்கள் படம் இல்லாவிட்டால் வேறொருவர் படத்தை ஒட்டுவான், ஆள் பிடிப்பதை நிறுத்தவா போகிறான் என்று அப்பா பதில் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. பொய் இல்லாததால்தான் எனக்கு அவர்மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

மாமா அவர்களோடு வாக்குவாதம் செய்யவில்லை. டயர் கிடைக்காத காலம் என்பதால் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டிய ஒரு சைக்கிள் அவரிடம் இருந்தது. வேலை இல்லாத நாளெல்லாம் அதில் ஏறிக் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனார். படத்தில் இருப்பவர் இவர்தான் என்று சனங்கள் நம்பவேண்டுமே, அதற்காக அந்த டிபன் கேரியரையும் கூடவே கொண்டுபோனார். படம் ஒட்டிய சுவருக்குப் பக்கத்தில் நின்று கேரியரை அதேபோலத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவாராம். மூடியில் இருக்கும் நசுங்கலைப் படத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்வாராம். இது மோரிப், அத்தான் வழுக்கி விழுந்ததைப் பார்த்துத்தான் சிரித்தோம், நான் இன்னும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறேன், போகாதீர்கள் என்பாராம். நம்பி, சயாமுக்குப் போகாமல் நின்றுகொண்டவர்கள் உண்டு. வந்து இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லும்போது அவர் முகம் படத்தில் இருந்ததைவிட நன்றாக இருக்கும்.

ஒரு தோட்டத்தில் கங்காணி ஆள் அனுப்பி ஜப்பான்காரனிடம் காட்டிக்கொடுத்துவிட்டான். சைக்கிள் மட்டும் எங்களிடம் திரும்பி வந்தது. மாமாவைக் கிள்ளானில், சயாமுக்கு அனுப்ப வைத்திருந்த ஆட்களோடு கொட்டகையில் அடைத்திருக்கிறார்கள் என்று சைக்கிளைக் கொண்டுவந்தவர் சொன்னார்.

அம்மா அப்பாவின் காலில் விழுந்தாள். உங்கள் சிநேகிதர்தானே, கேட்டுப் பாருங்கள் என்றாள். அப்பா அதே கோட்டை மாட்டிக்கொண்டு அதிகாரியைப் பார்க்கப் போனார். அவர் திரும்பியபோது கடிகாரம் சாயங்காலம் என்றது, வெயில் இன்னும் கொல்லையில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையில் ஒரு அட்டைப் பெட்டி. அதிகாரி மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாராம். என்ன சொன்னார் என்று அம்மா விடாமல் கேட்கவும், அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"படத்துல இருக்கிறவன் சயாம்ல இல்லைன்னுதானே குறை. அவன் அங்க போயிட்டா படம் பொய் இல்லையேன்னு சொன்னார்."

பெட்டியில் என்ன என்று கேட்டாள் அம்மா. பிலிம் என்றார்.

அம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு சுருளாகப் பிரித்து, கறுப்புக் காகிதத்தை உரித்து, வெற்றிலை நரம்பு கிள்ளும் நிதானத்தோடு நீளமாக இழுத்து இழுத்துத் தரையில் போட்டாள். வெளிச்சம் பட்டால் பிலிம் செத்துப்போகும் என்று அந்த வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்பா படியில் நின்று பார்த்தார். மாமாவின் பெயர் காதில் விழுந்தபோது கலங்காத அவர் கண் அப்போது கலங்கியது. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை, பார்த்தேன்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ரயிலில் வந்து இறங்கினார்கள். அந்த ரயில் வருகிறது என்று தெரிந்தால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் வேலியோரம் போய் நிற்பாள். எலும்பும் தோலுமாக, காலில் துணி சுற்றிக்கொண்டு இறங்குகிறவர்களிடம் எல்லாம் வேலு, வேலு என்று விசாரிப்பாள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் ஒரு பெண், மொட்டையடித்துப் பாதி வளர்ந்த தலையோடு, கம்பை ஊன்றியபடி எங்களைக் கடந்துபோனவள், நின்று திரும்பி அம்மாவை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"நீங்க எப்பம்மா திரும்பி வந்தீங்க? எந்தக் கேம்ப்ல போட்டிருந்தாங்க உங்கள? அங்க எல்லா எடத்துலயும் உங்களத் தேடினோமே."

 நாங்கள் சயாமுக்குப் போகவே இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? என் தம்பியைப் பார்த்தீர்களா என்று மட்டும் அம்மா கேட்டாள்.

பார்த்தேன் என்றாள் அந்தப் பெண். கிள்ளானில் ஒரே வண்டியில்தான் ஏறினார்களாம். ஏறுவதா வேண்டாமா என்று அவள் புருஷன் கடைசிவரை தயங்கிக்கொண்டு நின்றாராம். "அப்பத்தான் உங்க தம்பிய முன்னாடி கொண்டாந்து நிறுத்தினாங்க. கையில அதே கேரியர். படத்துல உள்ளவரே லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போறாரு, அப்ப எல்லாம் நெசந்தான்னு சொல்லி எங்க வீட்டுக்காரரு ஏறினாரு. அவரப் பார்த்து எங்க லைன் வீட்டுச் சனமே ஏறிடுச்சு."

"அவன் ஒண்ணும் சொல்லலையா?" என்றாள் அம்மா.

"வாய் வீங்கிக் கெடந்துச்சும்மா. பேச முடியல. பல்லு வலின்னு நெனச்சோம்."

அம்மா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மற்றதையும் சொன்னாள். போய்ச் சேர்ந்த முதல் மழையிலேயே காலரா வந்ததாம். அவள் புருஷன், அவள் மகன், மாமா எல்லாரும் அதில்தான் போனார்கள். சொல்லும்போது அவள் அழவில்லை, அழுது முடித்தவள் போலிருந்தாள். கிளம்பப் போனவள், ஏதோ மறந்ததை நினைத்துக்கொண்டாற்போல மறுபடியும் அம்மாவிடம் வந்தாள்.

"அந்தக் கேரியர்ல என்னம்மா வச்சிருந்தீங்க? எம்மவன் வழியெல்லாம் அதையே பார்த்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டே வந்தான். நான் கோழிக்கறின்னு சொல்லி வச்சேன்."

அன்று மோரிப்பில் அதில் இருந்தது எலுமிச்சம்பழச் சோறும் நெத்திலி சம்பலும். எனக்கு நன்றாகத் தெரியும், நான்தான் அடித்தட்டை நக்கினேன். அம்மா அவளைப் பார்த்து, "கோழிக்கறிதான்" என்றாள்.

அப்பா ரொம்ப நாள் இருந்தார். கை நடுங்கும்வரை படம் எடுத்தார், கல்யாணங்களில் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். அம்மா மட்டும் அதற்குப் பிறகு ஒரு காமராவின் முன்னாலும் நிற்கவில்லை. அப்பா ஸ்டாண்டை விரித்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அதனால் அவள் செத்தபோது சுவரில் மாட்டிப் பூப்போட ஒரு நல்ல படம் இல்லை. பழைய ஆல்பத்தில் முறைத்துக்கொண்டு நிற்கும் அம்மாவைத்தான் மாட்டினோம். அவள் சிரித்த படத்தின் நெகட்டிவை அந்த அதிகாரி திருப்பித் தரவே இல்லை, ஆல்பத்தில் இருந்த பிரதியை அம்மாவே அடுப்பில் போட்டாள். சுவர்களில் ஒட்டியிருந்ததெல்லாம் மழையில் போயிற்று.

இப்போது பிரிக்பீல்ட்ஸில் எங்கள் குவார்ட்டர்ஸ் இருந்த பக்கம் அண்ணாந்து பார்க்கும்படி கட்டடங்கள். தண்டவாளத்துச் சத்தம்கூடத் தூண்களின் மேலே ஏறிவிட்டது. மோரிப்புக்குப் பேரப்பிள்ளைகள் காரில் கூட்டிக்கொண்டு போனார்கள். கையை நீட்டித் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள், வண்டு வேண்டியதில்லை. என்னையும் சிரிக்கச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை.

அப்பா எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் நான் வைத்திருக்கிறேன். மாமாவுக்கு வருஷம் தவறாமல் அம்மா படையல் போடுவாள். எலுமிச்சம்பழச் சோறு, நெத்திலி சம்பல், தள்ளி ஒரு கிண்ணத்தில் கோழிக்கறி. வேலுவுக்குத்தான் கோழி பிடிக்காதே என்று அப்பா கேட்பார், அம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். ஒரு வருஷம் அவள் உள்ளே போன நேரம் பார்த்து அப்பா அந்த இலையைப் படம் எடுத்துவிட்டார், சன்னல் வெளிச்சம் கிண்ணத்தில் நன்றாக விழுந்திருந்ததாம். அவர் சொன்னது உண்மைதான், அருமையான படம். இலை இருக்கிறது, சோறு இருக்கிறது, கறிக்குமேல் எழும் ஆவிகூடத் தெரிகிறது. ஆள் யாரும் இல்லை.